கமராவோடு கடலுக்குள்

கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மற்ற ஊர்க்காரர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கரைக்கு வந்த மீனை அவர்களுக்குத் தெரியும். வலையில் சிக்கிய குப்பையைத் தெரியும். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் வள்ளம் பிந்தும் என்றும் தெரியும். ஆனால் இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருகோணமலைக்கு வடக்கே, அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் வளர்ந்த நானும் இருபத்தேழு வயது வரை கடலுக்குள் தலையை அமிழ்த்தியதில்லை.

இப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் கடலுக்கடியில் புகைப்படம் எடுக்கிறேன். "மீனுக்கும் அடையாள அட்டை எடுக்கப் போறீங்களோ தங்கச்சி?" என்று எங்கள் பகுதி கிராம உத்தியோகத்தர் ஒருநாள் கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாத கதையை இந்தப் பக்கத்தில் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி நாள். நானும் அம்மாவும் முதல்நாளே உறவினர் வீட்டுக் குழந்தையின் முப்பத்தொன்றுக்காகப் பட்டினத்துக்குப் போயிருந்தோம். அம்மா காயப்போட்டிருந்த கருவாட்டைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மா வீட்டில் நின்றார். அம்மாவை விட ஏழு வயது இளையவர். கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். அலை வந்தபோது அவர் கரையில்தான் நின்றார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. கருவாடு போடுவதையும் விட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட ஓர் அறிக்கையை வாசிக்கக் கிடைத்தது. ஆழிப்பேரலையில் பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்றும், இலங்கையைப் பொறுத்தவரை நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்குகிறார்கள் என்பது ஒரு காரணம் என்றும் அதில் எழுதியிருந்தது. வகுப்பில் அதை ஒரு தரவாகத்தான் எல்லோரும் பேசினோம். நானும் குறிப்பு எழுதினேன், பரீட்சையில் விடையும் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதர் சங்கங்களுக்கு அனர்த்த முன்னாயத்தப் பயிற்சி நடத்துவது என் பொறுப்பாயிற்று. எந்த வழியால் ஓட வேண்டும், எதைக் கையில் எடுக்க வேண்டும் என்று படம் கீறி விளங்கப்படுத்துவேன். ஒரு கூட்டத்தில் கருவாடு போடும் மாமி ஒருவர் கையை உயர்த்தி, "பிள்ளை, உனக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று அன்றிரவு நினைத்தேன்.

2018இல் நீந்தப் பழகினேன். உடற்கல்வி ஆசிரியை ஒருவர், அலையில்லாத ஒரு குடாவில், வார இறுதி நாட்களில் பழக்கினார். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேலைத்தலத்து ஆட்களோடு நிலாவெளிப் புறாமலைக்குப் போனபோது யாரோ ஒரு முகக்கண்ணாடியைத் தந்தார்கள். போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து பார்த்தேன். மார்பளவு தண்ணீரில் இத்தனை உயிர் இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. ஊருக்கு வந்து மாமிமாரிடம் சொன்னேன். "முருகைக்கல்தானே, அந்தக் காலத்தில் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பம்" என்றார்கள். அது கல் அல்ல, உயிருள்ள பிராணி, கூட்டம் கூட்டமாக இருந்து தனக்குத் தானே வீடு கட்டுகிறது என்று எவ்வளவு விளக்கினாலும் என் வார்த்தை எடுபடவில்லை. காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது. கமரா ஆசை வந்தது அப்படித்தான்.

பிறகு கொரோனா வந்தது. 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. 2023 மே மாதம்தான் ஒரு சுழியோடிப் பயிற்சி நிலையத்தின் படி ஏறினேன். எங்கள் கரையில் ஏறத்தாழ ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைதான் கடல் தெளிந்து கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் கலங்கிவிடும். சீட்டுப் பிடித்த காசு முழுவதும் கட்டணத்துக்குப் போனது. வகுப்பில் நான் ஒருத்திதான் உள்ளூர்ப் பெண்.

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அல்ல. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இறங்கும்போது காது வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய விதி, மூச்சை அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். பயந்தால் மூச்சைப் பிடிப்பது நம் இயல்பு. பயப்படும்போது மூச்சு விடப் பழகுவதுதான் அந்தப் பயிற்சியின் பாதி.

மற்றப் பாதி முகக்கண்ணாடி. தண்ணீருக்கடியில் அதைக் கழற்றி, மீண்டும் போட்டு, மூக்கால் ஊதி உள்ளே போன தண்ணீரை வெளியேற்ற வேண்டும். முதல் மூன்று தடவையும் நான் எழும்பி ஓடிவந்துவிட்டேன். கண்ணிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர் ஏறியதும் சின்னம்மாவின் நினைவு வந்தது. அவருக்கும் இப்படித்தானே ஏறியிருக்கும் என்று. பயிற்றுநர் எங்கள் பகுதிப் பெடியன், என்னை விட வயது குறைந்தவர். காரணம் கேட்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி எங்கள் கரையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. "அக்கா, இண்டைக்குக் காணும், நாளைக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். நாளைக்குப் போனேன். ஐந்தாம் நாள் சரிவந்தது.

கையில் கோயிலில் கட்டிய சிவப்பு நூல் இருந்தது. பதினைந்து மீற்றர் ஆழத்தில் தற்செயலாகப் பார்த்தேன். நூல் கறுத்துப் போயிருந்தது. சாயம் போய்விட்டதோ என்று நினைத்தேன். பயிற்றுநர் தன் ரோர்ச்சை அதன் மேல் அடித்தார். குங்குமம் போலச் சிவப்பு பளிச்சென்று வந்தது. விளக்கை எடுத்ததும் மறுபடி கறுப்பு. சூரிய ஒளியில் இருக்கும் நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. ஆழம் கூடக்கூட செம்மஞ்சளும் மஞ்சளும் மங்கி, கடைசியில் நீலம்தான் மிஞ்சும். சிவப்பு அங்கேதான் இருக்கிறது, அதைக் காட்டுவதற்கான ஒளிதான் வந்து சேரவில்லை. கடலுக்கடியில் எடுக்கும் படங்கள் ஏன் நீலம் பூத்துக் கிடக்கின்றன என்பதும், படம் எடுப்பவர் ஏன் விளக்கோடு போகிறார் என்பதும் அந்த நூலால் எனக்கு விளங்கியது.

பயிற்சிக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் ஊர் திரும்பும்போது தன் பழைய சிறிய கமராவையும் அதன் தண்ணீர் புகாத பெட்டியையும் குறைந்த விலைக்கு எனக்குத் தந்தார். பயிற்றுநருக்கு அது பிடிக்கவில்லை. "முதலில் அசையாமல் மிதக்கப் பழகுங்கோ அக்கா. கமரா பிறகு" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் கேட்கவில்லை. முதல் நாள் எடுத்த எழுபது படத்தில் பாதி மீனின் வால். மற்றப் பாதி மீன் போன இடம். ஒரு படத்துக்காகக் குனிந்தபோது என் காலணியின் நீண்ட துடுப்புப் பட்டு ஒரு கொப்பு முருகைக்கல் முறிந்துவிட்டது. விரல் நீளம் வளர ஒரு வருடம் எடுக்கக்கூடிய சாதி. அதன் பிறகு ஒரு மாதம் கமராவைத் தொடாமல், நெஞ்சில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓரிடத்தில் நிற்கப் பழகினேன். மூச்சை உள்ளே இழுத்தால் உடம்பு மெல்ல எழும்பும். விட்டால் தாழும். கை கால் அடிக்கத் தேவையே இல்லை. நின்று பழகியதும் ஒரு விசயத்தைக் கண்டேன். துரத்தும்போது ஓடிய மீன்கள், சும்மா நிற்கும்போது தாமாக வந்து பார்த்தன. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் எங்கள் வேலையிலும் இது உண்டு. கேள்வியோடு போகிறவளுக்குக் கதவு பாதிதான் திறக்கும்.

இனி, பழக நினைக்கும் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் தொழில் விசயம். தண்ணீருக்குள் எல்லாமே கண்ணுக்குக் கிட்டவாகவும் பெரிதாகவும் தெரியும். அதை நம்பிக் கமராவை அழுத்தினால் படம் மங்கலாகத்தான் வரும். உங்களுக்கும் மீனுக்கும் இடையில் உள்ள தண்ணீரும் ஒளியை விழுங்குகிறதல்லவா? அதனால் ஒரு மீற்றருக்குள், முடிந்தால் அதையும் விடக் கிட்டப் போக வேண்டும். பிளாஷ் விளக்கைக் கமராவுக்கு நேரே வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசு எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். விளக்கைக் கை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலே நின்று முதுகைப் படம் எடுக்காமல், மீனின் கண்ணுக்கு நேரே தாழ வேண்டும். இவ்வளவும் தெரிந்தாலும் பத்தில் ஒன்றுதான் தேறும். எனக்கு இன்னும் அந்தக் கணக்குத்தான்.

கமரா கடலுக்குள் போவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் இறங்கி, அழிந்த கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். 1962இல் வெளிவந்த 'ரன் முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை அதே வில்சன் திருகோணமலைக் கடலுக்கடியிலும் எடுத்தார். எனக்குப் பிடித்த கதை மட்டும் வேறு தேசத்தது. வியன்னாவில் லொட்டே என்றொரு பெண் ஹான்ஸ் ஹாஸ் என்ற கடல் ஆய்வாளரிடம் காரியதரிசியாக இருந்தார். பயணத்துக்குத் தன்னையும் கூட்டிப் போகும்படி கேட்டபோது பெண்களுக்கு அது சரிவராது என்று மறுத்தார் ஹாஸ். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து லொட்டே அவருடைய கருவிகளை எடுத்துக்கொண்டு டன்யூப் நதியின் பழைய கிளையில் இறங்கித் தானே படம் எடுத்தார். அந்தப் படங்கள் ஒரு சஞ்சிகையில் வெளிவந்தன. 1950இல் செங்கடலுக்குப் போனபோது அவரும் போனார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 2015இல் இறந்தார். அலுவலகத்து மேசையில் கடிதம் தட்டச்சு செய்தவர் என்பதாலோ என்னவோ, அறிக்கை எழுதி அலுத்த நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

2023 ஆகஸ்டில் என் கமரா செத்தது. இறங்கிச் சில நிமிடத்தில் பெட்டிக்குள் குமிழி தெரிந்தது. மேலே வந்து திறந்தபோது உள்ளே அரைக் கோப்பைக் கடல். பெட்டி மூடும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். அதன் மேல் ஒரு மணல் துணிக்கை கிடந்தாலே தண்ணீர் வழி கண்டுவிடும். நான் விட்டது மணல் அல்ல, என் தலைமயிர். ஒரே ஒரு மயிர், வளையத்தின் குறுக்கே ஒட்டிக் கிடந்தது. யாரைக் குறை சொல்வது?

ஈரத் தலையோடு, செத்த கமராவோடு வீட்டுக்கு வந்ததில் எல்லாம் வெளிப்பட்டது. அம்மா ஏசவில்லை. "அவளைக் குடுத்தது காணாதோ? உன்னையும் குடுக்கவோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த வருடம் நான் திரும்பக் கடலுக்குப் போகவில்லை. போகப் போவதில்லை என்று அம்மாவும் நம்பினார், நானும் ஓரளவு நம்பினேன். சுழியோடிகள் உடுக்கும் அந்த இறுக்கமான றப்பர் உடுப்பைப் பற்றி ஊரில் எழுந்த கதைகளும் அப்போது அம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தன. அதெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

அடுத்த வருடம் கனடாவிலிருந்து மச்சாள் பழைய கமரா ஒன்று அனுப்பினார். 2024 மே மாதம் போனபோது கடலில் நான் காணாத ஒன்றைக் கண்டேன். பழுப்பும் பச்சையுமாக நான் அறிந்திருந்த ஒரு பாறையில் முருகைக்கல் பல இடங்களில் வெள்ளை வெளேர் என்றிருந்தது. கடல் வழமையை விட ஒரு பாகை சூடாகிச் சில வாரம் நின்றாலே, இந்தப் பிராணி தன் உடம்புக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்ணிய பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்பு தெரியும். பட்டினி நீண்டால் செத்துவிடும். அந்த ஏப்ரலில்தான் உலகம் முழுவதும் நான்காவது தடவையாக இது நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். அதே பாறையை மாதம் தவறாமல் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தேன். செப்டெம்பரில் சில தேறியிருந்தன. சிலவற்றின் மேல் பாசி படர்ந்துவிட்டது.

மாதர் சங்கக் கட்டடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படங்களைக் காட்டினோம். வெளுத்த முருகைக்கல் வந்ததும் "எவ்வளவு வடிவு!" என்று எல்லோரும் சொன்னார்கள். அது வடிவல்ல, வருத்தம் என்று நான் சொன்னபோது ஒரு சத்தமும் இல்லை. ஆறு மாதப் படத்தையும் வரிசையாகப் போட்டேன். முன்பு என்னை நீந்தத் தெரியுமோ என்று கேட்ட மாமி எழும்பித் துணிக்குக் கிட்ட வந்து, "அப்ப இது உயிர்தான்" என்றார். பிறகு மீன்கள். ஓரா, கலவாய், விளைமீன், திருக்கை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிளிமீன் முருகைக்கல்லைக் கடித்து மணலாகக் கழிக்கிறது, நம் கரை மணலில் அதன் பங்கும் உண்டு என்றபோது பெரிய சிரிப்பு. நாற்பது வருடம் அறுத்துக் காயவைத்த மீனை உயிரோடு அன்றுதான் பார்த்தேன் என்று ஒரு பெரியம்மா சொன்னார்.

அம்மா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கடைசி வரிசையில் கதவடியில் நின்றிருக்கிறார். நான் காணவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டுத் தந்துவிட்டு, அந்தச் சுவர்ப் படத்தை இன்னொருக்கால் காட்டு என்றார்.

அது எங்கள் கரைக்கு நேரே எடுத்த படம். ஆழிப்பேரலை இழுத்துப் போன ஏதோ ஒரு வீட்டின் சுவர்த் துண்டு, நீலப் பூச்சின் மிச்சத்தோடு மணலில் சரிந்து கிடக்கிறது. அதன் மேல் முருகைக்கல் முளைத்திருக்கிறது. சிறிய மீன்கள் உள்ளும் புறமும் போய்வருகின்றன. அம்மா கமராவைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம்?"

"எட்டு மீற்றர் அம்மா."

"நீ லைற் அடிச்சோ எடுத்தனி?"

"இல்லை. அது சூரிய வெளிச்சம்."

"அவ்வளவு கீழையும் வெளிச்சம் போகுதோ?"

"போகுது அம்மா. பகலில் நல்ல வெளிச்சம்."

"நான் இருட்டெண்டு நினைச்சிருந்தன்" என்றார் அம்மா. இருபது வருடமாக என்று சொல்லவில்லை. கமராவைத் துடைத்து என்னிடம் தந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

இந்த வருடப் பருவம் தொடங்கியதும் முதல் நாள் விடிய ஐந்து மணிக்கு நான் புறப்பட்டபோது அம்மா சீப்போடு வந்து கதிரையைக் காட்டினார். ஒரு மயிர் வெளியே தெரியாதபடி இறுக்கிப் பின்னி, சுற்றி, மேலே துணியால் கட்டிவிட்டார். இப்போது ஒவ்வொரு தடவையும் அவர்தான் கட்டிவிடுகிறார். கடலுக்கு இன்னும் வருவதில்லை. எண்ணெய் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வைத்தால் முகக்கண்ணாடி வழுக்கும்.